நான்கு தந்திகளும் ஐந்தாம் சுரமும்



சென்ற மாதம் அயலில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள் பாடசாலையில் மேலைத்தேய முறைப்படி மூன்றாண்டுகளாக வயலின் பயில்பவள். அவளுக்கென்று பழைய பொருட்சந்தையில் வாங்கிய நான்கு தந்திக் கிற்றார் ஒன்று அலுமாரியின் மேல் கிடந்தது. காரணம் வினவினேன்.

"தந்தி அறுந்து பிள்ளையின் கன்னத்தில் அடித்துவிட்டது, மாஸ்ரர். கண் தப்பியதே பெரிய காரியம். இனி இதை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் நண்பர். பிழை எங்கே நேர்ந்ததென்று இருவரும் ஆராய்ந்தோம். பிற வீடுகளுக்கும் பயன்படலாம் என்பதால் அதனை இங்கு எழுதுகின்றேன்.

இதனை இரண்டு தந்தி குறைந்த கிற்றார் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. ரெனர் கிற்றார் என்னும் இக்கருவி 1920களில் அமெரிக்காவில் பரவியது. நடனக் குழுக்களில் நான்கு தந்திப் பான்ஜோ வாசித்தவர்கள், தாம் கற்ற விரற்பயிற்சியைக் கைவிடாமலே கிற்றாரின் ஓசையைப் பெறுவதற்கு இது உதவியது. தொழில் மாறினாலும் கைப்பழக்கம் வீணாகலாகாது என்னும் கவலை நமக்கும் புதிதன்று.

ஆகவே பான்ஜோவின் சுருதியே இதற்கும் அமைந்தது. தடித்த தந்தியிலிருந்து முறையே சீ, ஜீ, டீ, ஏ. அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே உள்ளது ச–ப உறவு. பண்டைத் தமிழர் குரல், இளி என்றழைத்த அதே உறவு. ஒரு தந்தியை 7ஆம் மெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் வெறும் ஓசை கேட்க வேண்டும். வழக்கமான ஆறு தந்திக் கிற்றாரிலோ, ஓரிடந் தவிர, 5ஆம் மெட்டிலேயே அது கேட்கும்.

நண்பர் செய்த பிழை இதுதான். சாதாரண கிற்றார்த் தந்திப் பெட்டியிலிருந்து மெல்லிய நான்கையும் வரிசைப்படி பூட்டிச் சீ, ஜீ, டீ, ஏ எனச் சுருதி கூட்டினார். ஈ சுரத்துக்கான முதல் தந்தியை ஏ வரை, அதாவது 5 மெட்டு உயரத்துக்கு, முறுக்கியபோது அது அறுந்தது.

இதற்கு மாற்றுச் சுருதி ஒன்றுண்டு: ஜீ, டீ, ஏ, ஈ. ச–ப உறவு மாறாது. வயலினின் சுருதியே ஒரு ஸ்தாயி கீழே அமையும். அயர்லாந்தின் டப்ளினர்ஸ் குழுவைச் சேர்ந்த பார்னி மக்கென்னா தமது பான்ஜோவில் இச்சுருதியைக் கையாண்டு பிரபலப்படுத்தினார். வயலின் பயிலும் பிள்ளைக்குச் சுரங்களின் இடங்கள் முன்பே தெரிந்தவை.

ஆயினும் முன்னைய சுருதிக்குரிய தந்திகளைத் தளர்த்தினால் மட்டும் போதாது. சுருதி ச–ம அளவு இறங்கும்போது தந்தியின் இழுவிசை 16இல் 9 பங்காகக் குறைந்துவிடும். தந்தி மெட்டுகளில் பட்டு அதிரும். தடித்த தந்திகளே வேண்டும். சாதாரண கிற்றாரின் மெல்லிய ரகத் தந்திப் பெட்டி ஒன்றே இதற்குப் போதுமானது. முதல் தந்தியை ஈ ஆகவும் நான்காவதை டீ ஆகவும் அப்படியே வைக்கலாம். மூன்றாவதை இரண்டு மெட்டு உயர்த்தினால் ஏ. ஐந்தாவதை இரண்டு மெட்டு இறக்கினால் ஜீ. தடித்த தந்தி அதற்குரிய பள்ளத்தில் அமராவிடில், கடையில் கொடுத்து அராவிக்கொள்க. வலிந்து அழுத்தலாகாது.

வயலினின் தந்தி நீளம் ஏறத்தாழ 13 அங்குலம். இதிலோ ஏறத்தாழ 23. ஆதலால் விரல்கள் அதிகம் விரிய வேண்டும். முதலில் மெதுவாகவே பழகுக. தடித்த தந்தியிலிருந்து 0-0-2-3 என மெட்டுகளை அழுத்தினால் ஜீ கோட்ஸ், 0-2-3-0 சீ, 2-0-0-2 டீ. எளிய பாடல்கள் பலவற்றுக்கு இம்மூன்றும் போதும்.

அன்று மாலையே புதிய தந்திகளைப் பூட்டினோம். பிள்ளை சற்றுத் தயங்கி நின்று, பின்னர் தானே கருவியை வாங்கி, வயலினில் கற்ற பாடமொன்றை வாசித்தாள். நண்பர் விற்பனைப் பேச்சை எடுக்கவில்லை. சுருதி கூட்டும்போது மட்டும் அவள் இன்றும் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்கின்றாள். அது நல்ல பழக்கமே. உங்கள் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.