புரியவில்லையாவது, மண்ணாவது!

பவர் பாப் என்கிற இசைவகையைப் பற்றி யார் எழுதினாலும், மூன்றாவது பாராவுக்குள் ஒரு வாக்கியம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது: "இவர்கள் காலத்தை முந்திப் பிறந்தவர்கள். அன்றைய ஜனங்களுக்கு இவர்கள் பாட்டு புரியவில்லை." கூடவே ஒரு பெருமூச்சு. எழுதியவருக்குத் திருப்தி, படிப்பவருக்குக் கண்ணோரம் லேசாக ஈரம். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

புரியவில்லையாவது, மண்ணாவது! மூன்று நிமிடப் பாட்டு ஐயா இது. எடுத்த எடுப்பில் கிடார், அரை நிமிடத்தில் பல்லவி, இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து பாடும் ஓர் இடம், பளிச்சென்று முடிவு. ஒரு தடவை கேட்டால் மறுநாள் குளிக்கும்போது தானாக வாயில் வரும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? 72 மேளகர்த்தாவை மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொன்னார்களா என்ன?

பெயரே புதிதாக இருப்பவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 'பவர் பாப்' என்ற சொல்லை 1967-ல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஒரு பேட்டியில் தங்கள் இசையைக் குறிக்கச் சொன்னார். பீட்டில்ஸின் மெட்டு, ஹூவின் அடி. இதுதான் சமையல் குறிப்பு. ஜார்ஜ் ஹாரிசன் 1964-ல் கையில் எடுத்த 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிடாரின் கணீர் ஒலியை அமெரிக்காவில் 'பர்ட்ஸ்' குழு பிடித்துக்கொண்டது. அதுவும் இந்தக் குழம்பில் விழுந்தது. 1970-ல் பீட்டில்ஸ் பிரிந்தாயிற்று. ராக் உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும், நடுவில் டிரம்ஸ்காரர் மட்டும் ஐந்து நிமிடம் தனியாகத் தட்டுவார். அந்த நேரத்தில் மெம்ஃபிஸ், கிளீவ்லேண்ட், வேல்ஸில் இருக்கும் ஸ்வான்சீ என்று அங்கங்கே சில பையன்கள் விடாப்பிடியாக மூன்று நிமிடத்தையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஃபேஷன் மாறிவிட்டது என்பது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் அதே 1972-ல் கிளீவ்லேண்டின் 'ராஸ்பெர்ரீஸ்' பாடிய 'கோ ஆல் தி வே' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 5-ஆம் இடம் வரை ஏறியது. அதே வருடம் 'பேட்ஃபிங்கர்' குழுவின் 'டே ஆஃப்டர் டே' 4-ஆம் இடம். புரியாமலா வாங்கினார்கள்? கடைக்கு வந்த பாட்டை ஜனங்கள் வாங்கத்தான் செய்தார்கள். அப்படியானால் வராத பாட்டின் கதை என்ன? அங்கேதான் நம்ம பெருமூச்சு மன்னர்கள் நைஸாக நழுவுகிறார்கள்.

நான் பிழைப்புக்குப் பார்ப்பது சரக்கு விநியோகம். புனேயில் உட்கார்ந்துகொண்டு, கிடங்கிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்கு, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்கு எப்போது என்ன போகிறது என்று கணக்குப் பார்க்கிற வேலை. அதனாலோ என்னவோ, 'பிக் ஸ்டார்' குழுவின் கதையைப் படித்தால் எனக்குக் கவிதை தெரிவதில்லை. லாரி வரவில்லை என்பதுதான் தெரிகிறது.

பிக் ஸ்டார் மெம்ஃபிஸ்காரர்கள். அலெக்ஸ் சில்டன் 16 வயதில் 'பாக்ஸ் டாப்ஸ்' குழுவில் பாடிய 'தி லெட்டர்' 1967-ல் அமெரிக்காவில் முதலிடம். அந்தப் புகழோடு வந்தவர், உள்ளூர் பையன் கிறிஸ் பெல்லோடு சேர்ந்தார். ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த மளிகைச் சங்கிலிக்கடையின் பெயர் பிக் ஸ்டார். அதையே குழுவுக்கு வைத்தார்கள். முதல் ஆல்பத்துக்குத் துணிச்சலாக 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று பெயர். 1972-ல் வெளியீடு. விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் விற்கும் பொறுப்பு ஸ்டாக்ஸ் கம்பெனியிடம். ஓட்டிஸ் ரெட்டிங், ஐசக் ஹேய்ஸ் என்று சோல் இசையில் கொடிகட்டிப் பறந்த கம்பெனி. அவர்களுடைய விற்பனை வலையும் அந்த இசைக்கான வலைதான். வெள்ளைக்காரப் பையன்களின் கிடார் பாட்டை எந்தக் கடையில் கொண்டுபோய் அடுக்குவது என்று அதற்குத் தெரியாது. சரி, கொலம்பியா கம்பெனியோடு புது ஒப்பந்தம் போட்டார்கள். அது இன்னும் மோசம். கொலம்பியா வந்ததும் பழைய தனி விநியோகஸ்தர்களைக் கழற்றிவிட்டது. கடைகளில் ஏற்கெனவே இருந்த தட்டுகளும் திரும்பிப் போயின. வானொலியில் பாட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவன் கையில் தட்டு கிடைக்கவில்லை. 10,000 பிரதிகூட விற்கவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1974-ல் இரண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி' வந்தபோது ஸ்டாக்ஸும் கொலம்பியாவும் முறைத்துக்கொண்டிருந்தன. மறுபடியும் அதே கதி. 1975 கடைசியில் ஸ்டாக்ஸே திவால். மளிகைக்கடைப் பெயரை வைத்துக்கொண்ட குழுவின் சரக்கு எந்தக் கடைக்கும் போய்ச்சேரவில்லை. விதி எப்படியெல்லாம் நக்கலடிக்கிறது பாருங்கள்.

இதைத்தான் "காலத்தை முந்தியவர்கள்" என்கிறார்கள். எனக்கு இந்த வசனம் பழக்கம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) புது நொறுக்குத்தீனி ஒன்றை இறக்கினார்கள். டிவி விளம்பரம் ஓட ஆரம்பித்த அதே வாரத்தில் பழைய ஸ்டாக்கிஸ்டுகளை மாற்றினார்கள். புதியவர்கள் கிடங்கு பிடித்து, ஆள் போட்டு, பில் அடிக்கவே ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் விளம்பரக் காசு தீர்ந்தது. கடைசி மீட்டிங்கில் பெரியவர் ஒருவர் போட்ட ஸ்லைடில் ஒரே வரி: வாடிக்கையாளர் நிராகரித்துவிட்டார். எந்த வாடிக்கையாளர்? அவர் கண்ணிலேயே படவில்லையே சாமி! ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அந்த அறையில் இருந்த யாருக்கும் வேலை போகாது. 'புரியவில்லை' என்கிற பெருமூச்சுக்கும் அதே உபயோகம்தான். கணக்குப் புத்தகத்தை யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

திறந்து பார்த்தால் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பதற்கு பேட்ஃபிங்கர்.

இந்தக் குழுவை உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள். தெரியும். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரி. பழைய இசைத்தட்டு வைத்திருந்த பல இந்திய வீடுகளில் அது இருந்தது. அதில் ஹாரிசனுக்குப் பக்கத்தில் நின்று 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டுக்குக் கிடார் வாசிக்கும் ஒல்லிப் பையன்தான் பேட்ஃபிங்கரின் பீட் ஹாம். இன்னொன்று: மரையா கேரி பாடி 1994-ல் நம்ம கல்லூரி ஹாஸ்டல்களையெல்லாம் உருக்கிய 'வித்தவுட் யூ'. அதற்கு முன்பே, 1972-ல், ஹாரி நில்சன் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. எழுதியவர்கள் பேட்ஃபிங்கரின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும். ஹாமிடம் சரணம் இருந்தது, எவன்ஸிடம் பல்லவி இருந்தது, இரண்டையும் ஒட்டி 1970-ல் தங்கள் 'நோ டைஸ்' ஆல்பத்தில் போட்டார்கள். உலகம் முழுக்க அழுத பாட்டு, எழுதியவன் பெயர் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரியாதது போகட்டும். பணம் எங்கே? ஸ்டான் போலி என்ற அமெரிக்க மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்திருந்தார்கள். சம்பாத்தியம் முழுக்க அவருடைய கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து இவர்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி கொஞ்சம் வரும். பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனியிலிருந்து வார்னருக்கு மாறினார்கள். தனிக் கணக்கில் இருந்திருக்க வேண்டிய முன்பணத்தைக் காணோம் என்று வார்னர் வழக்குப் போட்டது. விமர்சகர்கள் புகழ்ந்த அவர்களுடைய 1974 ஆல்பம் 'விஷ் யூ வேர் ஹியர்' சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து வாபஸ். இங்கேயும் பாருங்கள், ஜனங்கள் நிராகரிக்கவில்லை. தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1975 ஏப்ரலில், 28 வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது, பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுதி வைத்திருந்த குறிப்பில் மேலாளரின் பெயர் இருந்தது. ஒரு மாதம் கழித்து அவருக்கு மகள் பிறந்தாள். 1983-ல் டாம் எவன்ஸும் அதே முடிவுக்குப் போனார். அப்போதும் 'வித்தவுட் யூ' ராயல்டி யாருக்கு எவ்வளவு என்ற தகராறு ஓய்ந்திருக்கவில்லை.

2013-ல் 'பிரேக்கிங் பேட்' தொடரின் கடைசிக் காட்சியில் இவர்களுடைய 'பேபி ப்ளூ' ஒலித்தது. 1972-ல் வந்த பாட்டு. ஒரே ராத்திரியில் இணையத்தில் விற்றுத் தள்ளியது. 41 வருடம் பாட்டு அப்படியேதான் இருந்தது. என் பக்கத்து பிளாக்கில் கரூர்க்காரர் ஒருவர், அவர் பையன் பத்தாவது படிக்கிறான், கிடார் கிளாஸ் போகிறான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அங்கிள், அவங்க கான்ட்ராக்டைப் படிக்கவே இல்லையா?" என்றான். 'காலத்தை முந்திய மேதைகள்' கட்டுரைகள் எதிலும் நான் பார்க்காத கேள்வி.

மற்றவர்களையும் ஓட்டமாகப் பார்த்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோவின் 'ஃப்ளேமிங் க்ரூவீஸ்' 1972-ல் பதிவு செய்த 'ஷேக் சம் ஆக்‌ஷன்' வெளிவந்தது 1976-ல். நாலு வருடம் தூங்கிய சரக்கு. 'நெர்வ்ஸ்' 1976-ல் கைக்காசு போட்டு நாலு பாட்டுத் தட்டு ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்த ஜாக் லீயின் 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்' பாட்டை 1978-ல் 'ப்ளாண்டி' குழு பாட, பிரிட்டனில் 5-ஆம் இடம். இல்லினாயின் சயான் என்ற சின்ன ஊரில் 'ஷூஸ்' குழு 1977-ல் வீட்டு ஹாலிலேயே நாலு டிராக் ரெக்கார்டரில் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தது. இன்று எல்லாப் பிள்ளைகளும் படுக்கையறையில் செய்வதை அவர்கள் அப்போதே செய்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த குழு, இதற்கு மேல் எழுதினால் நிறுத்த மாட்டேன்.

பிறகு 1979-ல் 'தி நாக்' குழுவின் 'மை ஷரோனா' ஆறு வாரம் முதலிடம். உடனே கம்பெனிகள் ஒல்லி டை கட்டிய பையன்களைக் கும்பல் கும்பலாக ஒப்பந்தம் செய்து, அடுத்த ஷரோனா வராததும் அதே வேகத்தில் கழற்றிவிட்டன. அதுவும் ரசனையின் தீர்ப்பு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது.

கம்பெனிகளை மட்டும் திட்டினால் போதாது, இந்த இசையின் காவலர்களுக்கும் பங்கு உண்டு. ஜெயித்த குழுவென்றால் அவர்கள் அகராதியில் அது பவர் பாப்பே கிடையாது. 'கோ-கோஸ்' பெண்கள் ஐவர், தாங்களே எழுதி, தாங்களே வாசித்த முதல் ஆல்பம் 1982-ல் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடம். மெட்டு, அடி, மூன்று நிமிடம், எல்லாம் அச்சு அசல். மறக்கப்பட்ட மாணிக்கங்கள் என்ற பட்டியல்களில் தேடுங்கள், முக்கால்வாசியில் இருக்க மாட்டார்கள். தோற்ற ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே நாற்காலி. பிக் ஸ்டாரின் 'செப்டம்பர் கர்ள்ஸ்' பாட்டை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோனது எந்தக் காவலரும் இல்லை, 1986-ல் அதைத் தங்கள் ஆல்பத்தில் பாடிய 'பேங்கிள்ஸ்' பெண்கள்தான்.

தோல்வியில் அழகு பார்ப்பவர்களுக்கு அலெக்ஸ் சில்டனின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 80-களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். 1987-ல் 'ரீப்ளேஸ்மெண்ட்ஸ்' குழு அவர் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது. உலகமெங்கும் கிடார் பையன்களுக்கு அவர் சாமி. 2010 மார்ச் 17, மாரடைப்பு. வயது 59. அந்த வாரமே புல்வெட்டும்போது இரண்டு முறை மூச்சுத் திணறியிருக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. மருத்துவக் காப்பீடு இல்லாததும் ஒரு காரணம் என்று அப்போது செய்தி வந்தது. மூன்று நாள் கழித்து டெக்சஸில் பிக் ஸ்டார் கச்சேரி இருந்தது. அதை அஞ்சலிக் கூட்டமாக நடத்தினார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள்.

பி.கு.: கேட்க நினைப்பவர்கள் 'செப்டம்பர் கர்ள்ஸ்', 'நோ மேட்டர் வாட்', 'ஷேக் சம் ஆக்‌ஷன்' என்ற வரிசையில் போங்கள், பத்துப் பதினோரு நிமிடம்தான் ஆகும். கிறிஸ் பெல் தனியாகப் பாடிய 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' மட்டும் ராத்திரிக்கு. அந்த ஒற்றைப் பாட்டுத் தட்டு வந்த 1978-லேயே, 27 வயதில், கார் விபத்தில் போய்விட்டார். அவருடைய ஆல்பம் வெளிவந்தது 1992-ல்.