விசிறி சுழலாத வண்டி

நமது தெருக்களில் இன்றும் ஓடித் திரியும் பழைய மோட்டார் வண்டிகளை இரு பரம்பரைகளாக வகுக்கலாம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலியன முதற் பரம்பரையைச் சேர்ந்தவை. இவற்றின் விசிறியை எஞ்சினே பெல்ற் மூலம் சுழற்றுகின்றது. எஞ்சின் ஓடும்வரை விசிறியும் ஓடும். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை இயக்கும் வண்டிகள் தோன்றியபோது இம்முறை பொருந்தாது போயிற்று. 1969 இல் இத்தாலியில் வெளிவந்த ஃபியற் 128 என்னும் வண்டியில், பொறியியலாளர் டான்டே ஜியாகோசா றேடியேற்றரை முன்னே நிறுத்தி, அதற்கு மின்மோட்டாரால் சுழலும் விசிறியை அமைத்தார். 1980 களில் வந்த நிசான் சனி, டொயோட்டா கொறோலா போன்ற யப்பானிய வண்டிகளும் இவ்வழியே சென்றன. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீளத் திறக்கப்படும்வரை, இத்தகைய வண்டிகளைப் பேணிக் காத்த குடும்பங்கள் பல. அவ்வண்டிகளுக்கு முதுமையில் வரும் நோய்களுள் முக்கியமானது மின்விசிறி நின்றுபோதல்.

இதனைச் சிறு பழுதென்று எண்ணலாகாது. இவ்வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகமோ அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடேறினால் தலைப்பாகம் வளைந்து, இரண்டிற்கும் இடையிலுள்ள காஸ்கற் கெடும். ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வளைவே தாங்கத்தக்க எல்லை. சில ரூபாவில் முடிந்திருக்க வேண்டிய பியூஸ் ஒன்றின் பழுது, பத்து நிமிட அசட்டையினால் எஞ்சினையே கழற்றவேண்டிய செலவாக மாறுவது இவ்வாறுதான்.

மருத்துவன் முதலில் நோயைத் தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டுமென்பது வள்ளுவர் வகுத்த முறை. வண்டிக்கும் அதுவே பொருந்தும். காரணத்தைத் தேடாது, இன்று மோட்டார், நாளை சுவிச்சு என்று மாற்றிக்கொண்டே போவது பணத்தை வீணாக்கும்.

முதலாவது கேள்வி, வண்டி எப்போது சூடேறுகின்றது என்பது. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும். விசிறிக்கு வேலை சொற்பம். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் சூடு தணியுமாயின் குறை விசிறியின் பக்கமே இருத்தல் கூடும். வேகமாக ஓடும்போதும் சூடேறுமாயின், நீர்க்குறைவு, அடைபட்ட றேடியேற்றர், நீர்ப்பம்பு ஆகியவற்றை நாடுதல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, விசிறிக்குக் கட்டளை கிடைக்கின்றதா என்பது. பல வண்டிகளில் கட்டளையிடும் வெப்பச் சுவிச்சு றேடியேற்றரில் பொருத்தப்பட்டிருக்கும். நீர் ஏறத்தாழ 90 முதல் 95 பாகை செல்சியசு வரை சூடேறியதும் அது விசிறியை இயக்கும். தேமோஸ்டாட் திறவாது ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். றேடியேற்றரோ குளிர்ந்தே கிடக்கும். நீர் குறைந்தாலும் சுவிச்சைச் சூடான நீர் தொடுவதில்லை. இவ்விடங்களில் விசிறி நிற்பது நோயன்று, நோயின் அறிகுறி. ஆகவே எஞ்சின் நன்கு ஆறியபின் நீர்மட்டத்தைப் பார்ப்பதே முதல் வேலை. சூடான றேடியேற்றரின் மூடியை எக்காரணங் கொண்டும் திறத்தலாகாது. அழுத்தத்தினாலே அங்கு நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாது அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே அது ஆவியாகிப் பொங்கி முகத்தையும் கைகளையும் அவித்துவிடும்.

மலைநாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் இறப்பர் தேய்ந்து அழுத்தம் நில்லாதாயின், விசிறி தொடங்கும் வேளையிலேயே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். விசிறியைக் குறைகூறுமுன் மூடியையும் பார்த்துக்கொள்க.

இனி மின்சாரப் பகுதி. எஞ்சின் ஆறிய நிலையில், பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையாற் சுழற்றிப் பார்க்கவும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னரும் விசிறி தானே தொடங்கும். விரலையும் சேலைத் தலைப்பையும் அது அறியாது. இறுக்கமாகச் சுழன்றால் மோட்டாரின் அச்சு தேய்ந்துவிட்டது. இலகுவாகச் சுழன்றால் வயரை மீளப் பூட்டிப் பியூசைப் பார்க்கவும். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதையே இடுக. அதுவும் எரிந்தால் எங்கோ வயர் உராய்ந்து உடலைத் தொடுகின்றது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. சிகரெட் தாளையோ செப்புக் கம்பியையோ வைத்து ஓட்டுவது வண்டிக்குத் தீ மூட்டும் வழியாகும்.

அடுத்து, மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பியூஸ் கோத்த இரு வயர்களால் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுக்கவும். சுழலவில்லையெனில் மோட்டாரே பழுது. பெரும்பாலும் அதன் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கும். சுழன்றால் மோட்டார் குற்றமற்றது. வெப்பச் சுவிச்சைச் சோதிக்க வேண்டும்.

இவ்விடத்திற் பலர் தடுமாறுவர். ஏனெனில் சுவிச்சுகள் இருவகை. நிசான் முதலிய பல வண்டிகளில், சூடேறியதும் சுவிச்சு மூடி மின்சாரத்தை விடும். அவற்றில் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு வயரால் தொடுத்தால் விசிறி சுழல வேண்டும். அக்காலத்து டொயோட்டா வண்டிகள் பலவற்றிலோ இதற்கு நேர்மாறு. குளிரில் மூடியிருக்கும் சுவிச்சு சூட்டிலே திறக்கும். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு இணைப்பைக் கழற்றினாலே விசிறி ஓடத் தொடங்கும். வயர் அறுந்தாலும் விசிறி ஓடட்டும், எஞ்சின் தப்பட்டும் என்பதே அதனை வகுத்தவர்களின் எண்ணம். இந்தச் சோதனையில் விசிறி சுழன்றால் மாற்றவேண்டியது சுவிச்சு மட்டுமே.

அப்போதும் சுழலாவிடின் மிஞ்சுபவை றிலேயும் வயர்களுந்தாம். அதே இனத்து வேறொரு றிலேயை மாற்றி வைத்துப் பார்ப்பது எளிது. வயர்களில் முதலில் ஐயப்பட வேண்டியது, வண்டியின் உடலோடு பூட்டப்பட்ட எர்த் முனையை. உப்புக்காற்று வீசும் கரையோரங்களில் அது துருப்பிடித்துப் போகும். மாணவர்கள் ஓமின் விதியை இங்கே காணலாம். துருவினால் 0.2 ஓம் தடையே சேர்ந்ததென்று கொள்வோம். 10 அம்பியர் ஓடினால் 2 வோல்ற்று அங்கேயே வீணாகும். 20 வாற்று வெப்பம் அம்முனையிலே பிறக்கும். விசிறி சோர்ந்து சுழல்வதும், இணைப்பின் பிளாஸ்டிக் உருகுவதும் இதனாலேதான். துருவைச் சுரண்டித் துப்புரவாக்கிப் பூட்டினால் பெருஞ்செலவு மிச்சமாகும்.

கராச்சுகள் சிலவற்றில் வேறொரு மருத்துவம் செய்வர். பழுதான சுவிச்சை விட்டுவிட்டு, ஓட்டுபவர் கையாற் போடும் ஆளி ஒன்றை முன்னே பொருத்திவிடுவர். வழியில் அகப்பட்டவேளை இது உதவும், நிலையான வழியாகாது. தந்தை மறவாது போடலாம். ஒருநாள் வண்டியை எடுத்துச் செல்லும் மகனுக்கு அந்த ஆளி எதற்கென்றே தெரியாதிருக்கலாம். இயந்திரத்தின் காவலை ஒருவரது ஞாபகசக்தியிடம் ஒப்படைப்பது அறிவுடைமையன்று. தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அத்தகையதே. அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாது பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். விசிறியின் நோயோ தீராது.

வழியிலே முள் சிவப்பை நெருங்கினால் செய்யத்தக்கது யாது? குளிரூட்டியை நிறுத்துக. வெப்பமூட்டி இருந்தால் அதனை முழுமையாகத் திறந்து யன்னல்களை இறக்குக. அதுவும் ஒரு சிறு றேடியேற்றரே. அப்போதும் முள் இறங்காவிடின் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீர் வார்த்தால் உலோகம் வெடிக்கக்கூடும். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். "இன்னும் இரண்டு மைல்தானே" என்ற எண்ணமே எஞ்சின்கள் பலவற்றின் முடிவுக்குக் காரணமாயிருந்தது. வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும், இளையவர்களுக்கும் பெண்களுக்கும் கூட, அந்த முள்ளைப் பார்க்கும் பழக்கத்தை இன்றே கற்பித்து வைப்பது நன்று.