ஏரும் முடியும் இல்லமும்

நுழையும்முன்
துறவியின் அறவுரை துறவியர்க்கே உரியது என எண்ணுவோர் பலர். ஆனால், புத்தர் பகன்ற உரைகளுள் பல, வேள்வி செய்த அந்தணரையும் முடிசூடிய மன்னரையும் பொருளீட்டிய இல்லறத்தாரையும் நோக்கியவை. அவை இன்றைய தொழில் வாழ்வுக்கு என்ன கூறுகின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பௌத்தம் உலகைத் துறக்கச் சொன்ன சமயம் என்னும் கருத்துப் பரவலாக நிலவுகிறது. பாலி மொழியில் அமைந்த தீக நிகாயம், சுத்த நிபாதம் முதலிய தொகுப்புகளைக் கற்போர் வேறொரு காட்சியையும் காண்பர். வயலும் வேள்விச்சாலையும் மாந்தோப்பும் அங்கே உரையாடற் களங்களாகின்றன. அறிவு, ஆட்சி, செல்வம் ஆகியவற்றுள் ஒன்றை உடையவர், அதன் பொருட்டே பிறருக்குக் கடன்பட்டவர் என்பது அவ்வுரையாடல்களின் உட்கிடை.

வேள்வியும் விதையும்
மகத நாட்டில் விதைப்புக் காலம். காசி பாரத்துவாசன் என்னும் அந்தணன் ஐந்நூறு ஏர் பூட்டி உழுவிக்கிறான். உணவு வழங்குமிடத்தில் வந்து நின்ற புத்தரிடம், தான் உழுது விதைத்து உண்பதாகவும், அவரும் அவ்வாறே உண்ண வேண்டும் என்றும் கூறுகிறான். புத்தர் சினம் கொள்ளவில்லை. தாமும் ஓர் உழவரே என்று கூறி, விதை, மழை, நுகம், கொழு என அவன் அறிந்த சொற்களைக் கொண்டே மனத்தைப் பண்படுத்தும் நெறியை விளக்குகிறார்.

கூடதந்தன் என்னும் மற்றோர் அந்தணன், எழுநூறு எருதுகள் உள்ளிட்ட பல விலங்குகளைப் பலியிடுவதற்காகத் தூண்களருகே நிறுத்தியிருந்தான். சிறந்த வேள்வி எது என அவன் வினவியபோது, புத்தர் மகாவிசிதன் என்னும் பழைய மன்னனின் கதையைக் கூறுகிறார். கொள்ளை மலிந்த நாட்டில் வேள்விக்கென வரி விதிப்பது முறையன்று. கொலைத் தண்டனையாலும் சிறையாலும் கொள்ளை முற்றும் ஒழியாது. உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், அரசுப் பணியாளர்க்கு உணவும் ஊதியமும் அளித்தால் நாடு அமைதியுறும் என்று அம்மன்னனுக்குப் புரோகிதன் அறிவுறுத்தினான். குற்றத்தின் வேரை வறுமையில் கண்ட இச்சிந்தனை வியப்புக்குரியது. உரை முடிந்ததும் கூடதந்தன் அவ்விலங்குகளை விடுவிக்கிறான்.

மன்னன் அளித்த விடை
தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன் அசாதசத்துரு. ஒரு முழுநிலா இரவில், மருத்துவர் சீவகரின் மாந்தோப்பில் அவன் புத்தரைச் சந்திக்கிறான். நெய்வோர், குயவர் முதலிய தொழிலாளர் தம் உழைப்பின் பயனை இம்மையிலேயே அடைகின்றனரே, துறவின் பயன் யாது என வினவுகிறான். புத்தர் மறுவினா எழுப்புகிறார். மன்னனின் அடிமை ஒருவன் துறவு பூண்டால், அவனை மீண்டும் ஏவல் செய்ய அழைப்பானோ? அழைக்கமாட்டேன், எழுந்து வணங்குவேன் என்கிறான் மன்னன். அடிமையும் வணக்கத்துக்குரியவன் ஆகலாம் என்னும் உண்மையை முடிமன்னனே தன் வாயால் ஒப்புகிறான்.

ஆறு திசைகள்
இராசகிருகத்தில் ஈர ஆடையுடன் ஆறு திசைகளையும் வணங்கி நின்றான் சிகாலன் என்னும் இளைஞன். தந்தை இட்ட கட்டளையை அவன் பொருளறியாது செய்தான். பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், துறவியர் ஆகியோரே வணங்கத்தக்க திசைகள் என்கிறார் புத்தர். பணியாளர்க்குரிய கடமைகளாக ஐந்தனைச் சுட்டுகிறார்: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் வழங்குதல், நோயுற்றபோது பேணுதல், சுவையானவற்றைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல்.

தமிழ்க் காப்பியத்தில்
இம்மூவகை அறமும் தமிழில் மணிமேகலையாக மலர்ந்தது. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை விடுவித்து அந்தணருடன் வாதிட்டான் ஆபுத்திரன். மணிமேகலையின் வேண்டுகோளை ஏற்றுச் சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான். அமுதசுரபியில் முதற் பிச்சை இட்டவள், ஆதிரை என்னும் இல்லறப் பெண். அந்தணர் அவை, அரசவை, இல்லம் ஆகிய மூன்று வாயில்களிலும் காப்பியம் பசிப்பிணியையும் துன்பத்தையும் குறித்தே பேசுகிறது.

சிங்காநல்லூரின் வினா
கோவையை அடுத்த சிங்காநல்லூர், நொய்யலாற்றுக் குளத்தை நம்பி வேளாண்மை செழித்த ஊர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதியை அடைந்தபின் நூற்பாலைகள் பெருகின. ஏர் பிடித்த கைகள் பல, ஆலைப் பணிக்குச் சென்றன. அவ்வூரில் இன்று தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை நிற்கிறது. நோயுற்ற பணியாளரைப் பேணுக என்று சிகாலனுக்குச் சொல்லப்பட்ட கடமை, 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தால் உரிமையாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைத்தல் தகாது. புத்தர் தம் கேட்போரின் மனமாற்றத்தை நம்பினார். முடியாட்சியையோ அடிமை முறையையோ நீக்கச் சட்டம் வகுக்கவில்லை. நல்லுள்ளம் கொண்ட முதலாளி வாய்க்காத தொழிலாளிக்கு அறவுரை மட்டும் அரணாகாது. அவ்வரணைச் சட்டமே தந்தது. எனினும், பதிவேட்டில் பெயர் இல்லாத ஒப்பந்தப் பணியாளருக்கும், பிற மாநிலத்திலிருந்து வந்து மொழியறியாமல் உழைப்பவருக்கும் சட்டத்தின் பயன் தானே சென்று சேர்வதில்லை. அவர் பெயரைப் பதிவேட்டில் எழுத ஒரு கை முன்வர வேண்டும். அக்கையை இயக்குவது அறவுணர்வே.

ஆகவே, சட்டமும் அறமும் ஒன்றற்கொன்று மாற்றாகா. கற்றவர், ஆள்வோர், பொருளுடையார் ஆகிய மூவரிடமும் அன்று எழுப்பப்பட்ட வினா இன்றும் முடிவுறவில்லை. நாளை அம்மூவருள் ஒருவராக நிற்கப்போகும் மாணவர், தமக்குக் கீழ்ப் பணிபுரிவோரின் திசையையும் வணங்கக் கற்றலே அவ்வினாவுக்குரிய விடையாகும்.