மன்னிப்பு யாரிடம் கேட்கப்படுகிறது? ஊழியம் யாரிடம் வாங்கப்படுகிறது?

லெந்து காலம் வந்துவிட்டால் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சபைகளில் இரண்டு விஷயங்களைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்கலாம். ஒன்று, ஒருவரை ஒருவர் மன்னியுங்கள். இன்னொன்று, ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள். கேட்க நல்ல வார்த்தைகள்தான். ஆனால் களப்பணி செய்கிறவர்களுக்கு இந்த "ஒருவரை ஒருவர்" என்ற இடத்தில் ஒரு நெருடல் வரும். நடைமுறையில் மன்னிக்கச் சொல்லிக் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே தரப்பு. துடைப்பம் எடுப்பதும் பெரும்பாலும் அதே தரப்பு. சபைக்கும் இயக்கத்துக்கும் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்காக, மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர்கள் குறைவு. அந்த மிஷனின் தமிழ்நாட்டு வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1840களில் லைப்சிக் மிஷன் சார்பில் இங்கே வந்தவர். சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளலாமா கூடாதா என்ற கேள்வியில் தன் சொந்த மிஷனோடு மோதினார். சாதி என்பது சமூகப் பழக்கம், மெல்ல மெல்லத்தான் போகும் என்பது லைப்சிக் தலைமையின் நிலை. ஓக்ஸ் அதை ஏற்கவில்லை. வெளியேறி, தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு அந்த மிஷன் திருவண்ணாமலைக்கும் வந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் உருவானது. அதாவது, நம் பகுதியின் பழைய புராட்டஸ்டண்ட் மரபு ஒன்றின் தொடக்கத்திலேயே சாதிச் சண்டை இருக்கிறது.

அந்தக் காலத்தில் இது ஓக்ஸ் ஒருவரின் சண்டை மட்டும் அல்ல. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்காகக் கொண்டாடப்படும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே சாதிப் பழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியவர்களில் ஒருவர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு சாதியைக் கைவிடாதவர்களைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தது. சாதியை விட்டதற்கு அவர்கள் வைத்த சோதனை மிக எளிமையானது. மற்ற சாதிக்காரர் சமைத்ததை அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவாயா?

எத்தனை தரம் மன்னித்தாய் என்று அந்தச் சோதனை கேட்கவில்லை. யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டது. முதல் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு இலை முன்னால் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கத் தரப்பிலும் கதை வேறு அல்ல. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயமே இரண்டு கூறாகப் பிரிந்த வடிவில் எழுந்தது. பீடம் ஒன்று, பூசை ஒன்று, ஆனால் இரு சாதியாருக்கும் நடுவில் சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உரிமை போய்விட்டது என்று வெள்ளாளத் தரப்பினர் வழக்குப் போட்டு, அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தேவாலயத்துக்குள் சாதியின் பேரால் தனி இடம் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சுவர் விழுந்தது மனமாற்றத்தால் அல்ல. கடப்பாறையால் விழுந்தது, பிறகு தீர்ப்பு அதை உறுதிசெய்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள் எறையூரை நினைத்துப் பார்க்கட்டும். அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். நம் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. எறையூர் செபமாலை மாதா தேவாலயத்தில் வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். ஆனால் கல்லறை தனி. தலித் வீட்டுச் சவ ஊர்வலம் தேவாலயத்தின் பிரதான தெரு வழியாக வர முடியாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தலித் கிறிஸ்தவர்கள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டு 2008 மார்ச் மாதம் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு உயிர்களும் நமக்கு உயிர்கள்தான். ஒரு தெருவில் பிணம் போவதைத் தடுக்கும் சாதி, தன் சொந்தப் பிள்ளைகளையும் பலி வாங்கிவிட்டுத்தான் ஓயும்.

தென்முடியனூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தின் தண்டராம்பட்டு பக்கம் உள்ள ஊர். அங்கே அறநிலையத் துறையின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் முதல் தடவையாக நுழைந்தார்கள். மாவட்ட நிர்வாகம் முன்னால் நின்றது, போலீஸ் பாதுகாப்புக் கொடுத்தது. ஆதிக்க சாதியினர் மனம் மாறி வரவேற்கும்வரை காத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் எண்பது வருஷம் ஆகியிருக்கும்.

எறையூர் மக்களுக்கு அந்த அளவு சட்டம்கூடத் துணை இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆகவே சாதியின் பேரால் அவரை அடித்தாலும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் இதையே மறுபடி சொன்னது. சாதி அவரை விடவில்லை, சட்டம் மட்டும் விட்டுவிட்டது. கையில் சட்டம் இல்லாதவரிடம் போய் "மன்னித்துவிடு சகோதரா" என்று சொல்வதன் பொருள் என்ன? அவருக்கு வேறு வழி இருந்தால்தானே அது மன்னிப்பு? வழி இல்லாதபோது அதற்குப் பேர் அடக்கம்.

சட்டம் உள்ள இடத்திலும் இதே அழுத்தம் வரும். வழக்குப் பதிவான மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள். "நாளைக்கு ஒண்ணா மண்ணா இருக்க வேண்டியவங்க, எதுக்கு கேஸு?" என்பார்கள். நிலம் அவர்களுடையது, கூலி அவர்கள் கொடுப்பது, அந்தக் கேள்விக்குள் மிரட்டலும் சேர்ந்தே இருக்கும். 2021இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கில் சமரசத்தை ஏற்கும் முன் பாதிக்கப்பட்டவர் கட்டாயத்துக்கு உட்பட்டாரா என்று பார்க்க வேண்டும் என்றது. நீதிமன்றத்துக்குத் தெரிந்த இந்தக் கேள்வி சபைகளுக்கும் தெரிய வேண்டும்.

பிரசங்கிகள் "ஏழெழுபது தரம்" என்பதை மத்தேயு 18ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறார்கள். அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் இருப்பதையும் படிக்க வேண்டும். சகோதரன் தப்புச் செய்தால் போய் அவனிடம் நேராகச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்று அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. சபை அங்கே விசாரிக்கிற இடம், மூடி மறைக்கிற இடம் அல்ல. மத்தேயு 5ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறது. அங்கே நடந்து போக வேண்டியவர் குறைக்குக் காரணமானவர். சகேயு கதையில் அவன் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று சொல்லப்படுகிறது. இத்தனையும் விசுவாசிகள் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவை உதாரணம் காட்டி, அங்கே கறுப்பின மக்கள் மன்னிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996 முதல் செயல்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், செய்த குற்றத்தை முழுவதும் சொன்னால்தான் பொதுமன்னிப்பு என்று விதி வைத்திருந்தது. விண்ணப்பித்தவர்கள் 7,000 பேருக்கு மேல். கிடைத்தது 849 பேருக்கு. அப்படியிருந்தும், இழப்பீடு போதவில்லை, நிலம் கைமாறவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் கேட்கிறார்கள். நம் ஊரில் குற்றத்தைச் சொல்லும் முதல் படியே இல்லாமல் கடைசிப் படிக்குத் தாவச் சொல்கிறோம்.

இனி ஊழியம். இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உட்பட, ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்குக் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்குப் பேர்தான் ஊழியம். கிறிஸ்தவர்களானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது அதிலிருந்து விலக்குக் கிடைக்க மிஷனரிகள் அரசோடு வாதாட வேண்டியிருந்தது. அதே சொல் இன்று சபையில் தொண்டு என்ற பொருளில் புழங்குகிறது. ஒரே சொல்லுக்குள் அடிமை வேலையும் இருக்கிறது, விரும்பிச் செய்யும் சேவையும் இருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரே வழிதான். "முடியாது" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா?

பௌர்ணமி கிரிவலத்தன்று 14 கிலோமீட்டர் பாதை முழுக்க அன்னதானம் நடக்கும். நல்ல மனசோடு செய்பவர்கள் அவர்கள். சாப்பாடு போட்டவர் தன் சேவையைப் படம் எடுத்துக்கொள்வார். மறுநாள் விடியற்காலையில் அந்தத் தட்டுகளையும் எச்சிலையும் அள்ளுகிற தூய்மைப் பணியாளரின் வேலையை யாரும் சேவை என்று சொல்வதில்லை. அவர் எந்தச் சாதி என்று கேட்கவும் தேவையில்லை. சபையிலும் இதுதான். விருந்து பரிமாறுவது ஊழியம், கழிவறை கழுவுவது வேலை. பாடகர் குழுவில் நிற்பது ஊழியம், கல்லறைக் குழி வெட்டுவது காலனிக்காரர் கடமை. இந்தப் பட்டியல் மாறாதவரை "எல்லாரும் ஊழியக்காரர்கள்" என்பது வெறும் பேச்சு.

ஓர் எதிர்வாதத்தையும் பார்த்துவிடுவோம். மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் மனசுக்கே நல்லது, பகையைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் வாழ்வது என்று சொல்வார்கள். உண்மை இருக்கிறது. தன்னை இழிவுபடுத்தியவரை மன்னித்துவிட்டு நிமிர்ந்து நடக்கும் அம்மாக்களைக் களத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முடிவை நாம் கேள்வி கேட்கக் கூடாது. போராட்டக்காரர்கள் அவர்களைக் கோழை என்று சொல்வதும் ஒரு ஆதிக்கம்தான். ஆனால் அந்த மன்னிப்பு அவர்கள் சொத்து. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். மேடையில் நின்று இன்னொருவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. தனி மனுஷி மன்னித்துவிட்டதால் கல்லறைச் சுவர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் ஆகாது. மனசு ஆறுவது ஒன்று, அமைப்பு மாறுவது இன்னொன்று. முதலாவது நடந்தாலும் இரண்டாவதற்குச் சபை பொறுப்பு.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. குற்றத்தைச் சொல்வது முதல் படி என்றால் அந்தப் படி ஏறியாகிவிட்டது. அடுத்த படியை ஒவ்வொரு பங்கிலும் யாராவது கேட்க வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

தோழர்களே, பெரிய போராட்டம் அறிவிக்க வேண்டாம். உங்கள் சபையில், மாணவர் ஐக்கியத்தில், என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு மாதம் நோட்டு வைத்து எழுதுங்கள். யார் சமைத்தார்கள், யார் பரிமாறினார்கள், யார் பாத்திரம் கழுவினார்கள், யார் கழிவறை கழுவினார்கள். அடுத்த மாதம் பெயர் எழுதி முறை வையுங்கள். கமிட்டித் தலைவர் மகனுக்கும் கழிவறை முறை வரட்டும். கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பாருங்கள், நடுவில் சுவரோ வேலியோ இருந்தால் அது ஏன் என்று பங்குக் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். சபை கமிட்டியில் காலனியிலிருந்து எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

எங்காவது சமாதானக் கூட்டம் என்று உங்களையும் கூப்பிட்டால் போங்கள். போய் நாலு கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது என்று செய்தவர் தன் வாயால் சொன்னாரா? பறித்தது திரும்பி வந்ததா? இனி நடக்காமலிருக்க என்ன மாறப்போகிறது? பாதிக்கப்பட்டவர் இதற்கு "முடியாது" என்று சொன்னால், நாளைக்கு அவருக்குக் கூலி வேலை கிடைக்குமா? நாலுக்கும் பதில் வரும்வரை அந்த வீட்டாரிடம் யாரும் கையெழுத்து வாங்கிவிடாமல் கூடவே உட்கார்ந்திருங்கள். இப்போதைக்கு நம்மால் செய்ய முடிந்த ஊழியம் அது.