நீலமா, சிவப்பா? கிளே பார் வாங்கும் முன்

கழுவித் துடைத்த காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். கண்ணுக்குப் பளபளவென்று தெரியும் சாயம் கைக்கு நறநறவென்றிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தட்டுப்படும். ஷாம்புவுக்கும் தண்ணீருக்கும் அசையாமல் சாயத்தோடு ஒட்டிப்போன இந்தத் துகள்களை எடுக்கத்தான் கிளே பார். பினாங்கின் ஜெலுத்தோங்கில் கார் வைத்திருப்பவருக்கு இன்றோ நாளையோ அது தேவைப்படும். ஆனால் கடையிலும் இணையத்திலும் நீலம், சிவப்பு, மஞ்சள், சாம்பல் எனக் குவிந்து கிடக்கும் கட்டிகளில் எதை எடுப்பது?

பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். நீலம் சாது, சிவப்பு முரடு என்று ஒரு பேச்சு உலவுகிறது. நிறத்துக்கு எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் நீலம் இன்னொரு நிறுவனத்தின் சிவப்பைவிடக் கடுமையாக இருக்கலாம். உறையில் மென்மை, நடுத்தரம், கடுமை என்று அச்சிட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். எதுவுமே அச்சிடாத கட்டியைக் கடுமையானது என்றே வைத்துக்கொள்வது காருக்கு நல்லது.

இந்தக் கட்டி மண்ணே அல்ல. பிசின் போன்ற பாலிமருக்குள் மிக நுண்ணிய உராய்வுத் துகள்களைக் கலந்து பிசைந்தது. ஜப்பானியரான தடாவ் கொடாட்டே இதற்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது, ஆவணத்தில் இதற்குச் சொல்லப்பட்ட பெயரே நெகிழும் சாணைக்கல் என்ற பொருளில்தான் இருந்தது. கடைக்காரர் சொல்லாத உண்மை இதில் இருக்கிறது: கிளே பார் அழுக்கை உறிஞ்சி எடுப்பதில்லை, மேலே துருத்திக்கொண்டிருப்பதை அரைத்துக் கத்தரித்து எடுக்கிறது. இன்றைய கார்களில் சாயத்தின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் நிறமற்ற மேல்பூச்சு 50 மைக்ரானைத் தாண்டுவது அரிது. சாணைக்கல்லை அதன்மேல் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு இருந்தால் எதை வாங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும். வேலையை முடிக்கக்கூடிய கட்டிகளில் மிக மென்மையானது எதுவோ, அதுதான் சரியான கட்டி.

மீதிப் பாதி, ஒட்டியிருப்பது என்ன என்பதைப் பொறுத்தது. இங்கேதான் ஊர் முக்கியமாகிறது.

துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் தினமும் பாலத்துக்கும் டவுனுக்குமாக ஓடும் வெள்ளை மைவி காரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பின்கதவிலும் சக்கரத்தை ஒட்டிய பகுதியிலும் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். பிரேக்கிலிருந்து சூடாகத் தெறித்த இரும்புத் தூள் மேல்பூச்சில் குத்திக்கொண்டு, நம் ஈரக்காற்றில் துருப்பிடித்ததன் அடையாளம் அது. கறுப்புக் காரிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. இதற்கு நேராகக் கிளேயை எடுப்பது தவறான வரிசை. துகளின் தலை மட்டும் நறுக்கப்பட்டு, வேர் உள்ளே தங்கிவிடும். நறுக்கிய இரும்பும் கட்டியில் ஏறிக்கொண்டு அடுத்த இழுப்பில் கீறும். இரும்பைக் கரைக்கும் திரவத்தை முதலில் நிழலில் தெளித்து, அது ஊதா நிறமாக வழிவதைப் பார்த்து, காயவிடாமல் கழுவிவிட வேண்டும். அதன் நாற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது. வாசலில் செய்தால் அடுத்த வீட்டுக்காரர் கேட்கத்தான் செய்வார். ஆனால் இந்த ஒரு வேலையிலேயே நறநறப்பில் பெரும்பகுதி போய்விடுவது உண்டு.

புதிதாகத் தார் போட்ட சாலையின் கறுப்புப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி போதும். அங்சானா மரத்தடியில் நிறுத்திய காரின் பிசின் இளசாக இருக்கும்போதே ஆல்கஹால் தொட்ட துணிக்கு இளகும். மைனா எச்சத்தைப் பொறுத்தவரை, அது சாயத்தை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தால் கிளே பாரால் ஆவது ஒன்றுமில்லை. பள்ளத்தை அரைத்து எடுக்க முடியாது, பாலிஷ்காரரிடம்தான் போக வேண்டும். சிமெண்டுத் தெறிப்பு இன்னும் மோசம். கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்துவோர் கவனிக்க வேண்டும்: காய்ந்த சிமெண்டில் மணல் இருக்கிறது, அதைக் கிளேயால் தேய்த்தால் மணலைத்தான் கார் முழுக்க இழுத்துக்கொண்டு போவீர்கள். அதற்கென்று விற்கும் கரைப்பான் தனி.

சாம்பலையும் சொல்லியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் ஜெலுத்தோங் குப்பைக்கிடங்கு பற்றியெரிந்தபோது புகையால் பட்ட பாட்டை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாளில் காரின்மேல் படிவதைக் கிளே பாரால் தொடவே கூடாது, காய்ந்த துணியாலும் துடைக்கக் கூடாது. சாம்பல் நனைந்தால் காரமாகும், சாயத்தை அரிக்கும். அன்றே ஏராளமான தண்ணீர் விட்டு அடித்துக் கழுவுவதுதான் வழி.

அப்படியானால் கிளே பார் எதற்கு? இவையெல்லாம் முடிந்தபிறகும் எஞ்சும் நுண்ணிய சொரசொரப்புக்கு. பக்கத்துப் பட்டறையில் ஸ்ப்ரே அடித்தபோது காற்றில் வந்து படிந்த சாயத் தூவலுக்கு. இந்தத் தூவலில் கிளே பாருக்கு நிகர் எதுவுமில்லை.

இனி வெயில். நமக்குக் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே மென்மையான கட்டியை வெந்நீரில் போட்டு இளக்கிப் பிசைகிறார்கள். நண்பகலில் 32 டிகிரியைத் தொடும் பினாங்கில், அதே கட்டி கையிலேயே கொழகொழவென்றாகி, சூடான பானெட்டில் இழுவிக்கொண்டு ஒட்டிவிடும். அந்த இழுவலைத் துடைத்தெடுப்பது தனி வேலை. ஆகவே குளிருக்கென்று தயாரித்த மிகையிளக்கக் கட்டி நமக்கு வேண்டாம். இங்கே வாங்க வேண்டியது உராய்வில் மென்மையாகவும், உடலில் கொஞ்சம் இறுக்கமாகவும் இருப்பது. இரண்டும் வேறுவேறு குணங்கள் என்பதை உறை எப்போதும் தெளிவாகச் சொல்வதில்லை. கையில் பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதத்தில் நின்று, விரலில் ஒட்டாமல் வந்தால் சரி. மதிய வேலையைத் தவிருங்கள். காலை எட்டு மணிக்குள் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

கடுமையான கட்டி யாருக்கு? பாலிஷ் மெஷினோடு காத்திருப்பவருக்கு. அது விட்டுச்செல்லும் மங்கலை எடுக்க அடுத்து பாலிஷ் போடாமல் தீராது, கறுப்பு, கருநீலக் கார்களில் சொல்லவே வேண்டாம். வீட்டில் செய்பவருக்கு மென்மையான கட்டி போதும். அது தோற்ற இடத்தில் மட்டும் நடுத்தரம். கிளே துணி, கிளே கையுறை என்று ரப்பர் முகம் வைத்து வருபவை வேகமானவை, கீழே விழுந்தாலும் அலசிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் விரலுக்கும் சாயத்துக்கும் நடுவே தடிமனான பஞ்சு இருப்பதால் எங்கே கீறுகிறது என்று கைக்குத் தெரியாது. உயரமான வேனுக்கு அது. புதுக் காருக்கு நான் கட்டியையே சொல்வேன்.

செராமிக் பூச்சு போட்ட காரா? கிளே அந்தப் பூச்சையும் தேய்க்கும். போட்டவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மங்கல் சாயமான மேட் வகைக்குக் கிளே கூடவே கூடாது. மேல்பூச்சே இல்லாத பழைய சாகா காரில் கட்டி கார் நிறத்துக்கே மாறும். பயப்பட வேண்டாம், அது சாயத்தின் மேற்படலம். ஆனால் அங்கே அழுத்தம் இன்னும் குறைவாக இருக்கட்டும்.

எந்தக் கட்டியானாலும் அதன் விதி வழவழப்பு நீரில் இருக்கிறது. ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, பாதிக் கட்டியை மட்டும் எடுத்துத் தட்டையாக்கி, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கட்டியின் சொந்த எடையே அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். முதலில் நறநறச் சத்தம் கேட்கும், பிறகு அடங்கும். அடங்கியதும் நிறுத்துங்கள். கட்டியைத் திருப்பினால் பழுப்புக் கோடுகள் தெரியும். உள்ளே மடித்துப் பிசைந்து புதிய முகம் எடுங்கள். முடிந்ததும் வேக்ஸ் கட்டாயம், ஏனென்றால் பழைய வேக்ஸும் கிளேயோடு போயிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். தீபாவளிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

அழுக்கேறிய பழைய கட்டியை வீசிவிடாமல் முன்கண்ணாடிக்கும் ரிம்முக்கும் ஒதுக்கி வையுங்கள். வைப்பர் கிறீச்சிடுவது சில சமயம் அதிலேயே நின்றுவிடும். தரையில் விழுந்த கட்டி மட்டும் அதற்கும் ஆகாது, நேரே குப்பைக்கு.