தென்னைக் குருத்தில் உப்பு: காண்டாமிருக வண்டு சாகுமா?

மேலே மலையில் ஏலக்காய், கீழே அடிவாரத்தில் தென்னை. போடிநாயக்கனூர், சிலமலை பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் காண்டாமிருக வண்டு பற்றிப் பேச்செடுத்தால் அடிக்கடி வரும் பதில்: "குருத்துல உப்பும் மணலும் கலந்து போடுங்க, சரியாப் போயிரும்." போயிருமா?

உப்பு என்ன செய்கிறது?

வண்டு மட்டை இடுக்கில் புகுந்து, விரியாத குருத்தைக் குடைந்து சாறு குடிக்கிறது. பிறகு ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியது மாதிரி முக்கோணமாகத் தெரியும். இடுக்கில் மணல் நிறைந்திருந்தால் வண்டு நுழையச் சிரமப்படும். அதாவது பாதி வேலை மணலுடையது. உப்பு வண்டைக் கொல்லும் விஷம் இல்லை. நல்ல மழை ஒன்று பெய்தால் கரைந்துவிடும். வண்டு அதிகம் பறப்பதோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாசங்களில்!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் மணல் இருக்கிறது, உப்புக்குப் பதில் வேப்பங்கொட்டைத் தூள். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு மணல், மரத்துக்கு 150 கிராம், உள்ளே இருக்கும் மூன்று மட்டை இடுக்குகளில். இல்லையென்றால் 45 நாளுக்கு ஒருமுறை மூன்று நாப்தலின் உருண்டை.

அப்போ உப்பு வீணா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. தென்னைக்கு குளோரைடு ஒரு சத்து. பிலிப்பைன்ஸில் அரசே உப்பை உரமாகப் போடச் சொல்கிறது. ஆனால் அது வேருக்கு, வண்டுக்கு அல்ல. கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும் தோப்பில் மண் பரிசோதனை பார்க்காமல் கொட்டினால் மண்தான் கெடும்.

வண்டு எங்கே பெருகுகிறது?

மரத்தில் இல்லை. எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும்தான் முட்டையிடுகிறது; புழு மாசக்கணக்கில் அங்கேயே வளர்கிறது. 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குப் போன இதே வண்டை அடக்கியது, 1963-ல் மலேசியாவில் கண்டுபிடித்த ஒரு வைரஸ். அது புழுவையும் தாக்கும், வண்டையும் தாக்கும். நம் எருக்குழிக்கு மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை இருக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்து எருவில் ஊற்றினால் புழுவுக்கு நோய் பிடித்துச் சாகும்.

இளங்கன்று வைத்தவர்கள்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். வளரும் நுனியே குடைபட்டால் கன்று போச்சு. பெரிய மரத்திலும் அந்த ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகும். அது மரத்தையே சாய்த்துவிடும். ஒருவர் குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கி, பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருந்தால் பலன் குறைவு, ஏனென்றால் வண்டு வேலி தாண்டிப் பறக்கும். ஊரே சேர்ந்து மழைக்கு முன் எருவை வயலுக்கு அள்ளிவிட்டால், உப்புக்கும் ஏறுகூலிக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதி மிச்சம்.