அன்மொழித்தொகையும் ஏரித்தொடரும்

அன்மொழித்தொகை கற்பிக்கும்போது 'பொற்றொடி' என்னும் சான்றைத் தவறாது கரும்பலகையில் எழுதுவேன். பொன் என்பதில் பெண் இல்லை. தொடி என்பதிலும் இல்லை. இரண்டும் தொக்க பின்னரே பொன்வளை அணிந்த மங்கை தோன்றுகின்றாள். உறுப்புகளில் இல்லாத ஒன்று தொகுதியில் பிறத்தலை நம் இலக்கண நூலார் தனிவகையாகவே வைத்துள்ளனர். எறும்புக் கூட்டத்தைச் சான்றுகாட்டி உயிரியலார் கூறுவதும் இதனையே.

எறும்பைத் தேடிச் செல்வானேன்? தாம்பரத்திற்குக் கிழக்கே சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் எனத் தொடரும் ஏரிகள் பள்ளிக்கரணைச் சதுப்பில் முடிகின்றன. தனித்து நோக்கின் ஒவ்வொன்றும் மண்கரை தேக்கிய நீர்ப்பரப்பே. நிரம்பிவிட்டால் அதனால் செய்யக்கூடியது சிறிதே. தொடராக நிற்கும்போதோ, மேலை ஏரி தான் கொள்வதைக் கொண்டு, மிகுதியைக் கலங்கல் வழியே கீழை ஏரிக்கு மெல்ல அனுப்புகின்றது. ஏரிதோறும் வெள்ளத்தின் உச்சம் தாழ்கின்றது. ஒருநாள் மழை பல நாள் நீராகின்றது. இவ்வாற்றல் எந்த ஓர் ஏரியின் கொள்ளளவுக் கணக்கிலும் காணப்படாது. அஃது ஏரிகளுக்கு இடைப்பட்ட கால்வாயை நம்பி நிற்பது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்துணை மழைக்குப் பழுதற்ற தொடரும் திணறியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அன்று யான் குடியிருந்த தெரு எந்த ஏரிக்கரையிலும் இல்லை. என் நூல்களோ இடுப்பளவு நீரில் மிதந்தன. தெருமுனையில் சாக்கடை என்று யாம் எண்ணியிருந்த மூன்றடி வாய்க்கால், இரண்டு ஏரிகளை இணைத்த கால்வாயின் எச்சம் என்று முதியவர் ஒருவர் பின்னர் சொல்லக் கேட்டேன்.

இன்று ஏரிகளைத் தூர்வாருகின்றனர். கரையில் நடைபாதையும் அமைக்கின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆயின் ஏரிக்குப் பெயர்ப்பலகை உண்டு, கால்வாய்க்கு இல்லை. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அலுவலகங்கள் தொகையாயின, கால்வாய்கள்? ஏரிச் சீரமைப்பு மதிப்பீடுகளில் இணைப்புக் கால்வாயே முதற்கண் இடம்பெறல் வேண்டும் என்பது என் கருத்து. அவ்வழியில் பத்திரம் பெற்று வீடு கட்டியோருள் என்போன்ற நடுத்தரத்தார் பலர். அவர்களுக்கு மாற்றிடம் தாராமல் இது நடவாது, செலவும் பெரிதாகும்.

வரும் பருவமழைக்கு முன்னர், நில அளவைப் படத்துடன், சேலையூர்க் கலங்கலிலிருந்து செம்பாக்கம் வரை மாணவர்களோடு நடந்து பார்க்க எண்ணியுள்ளேன். எத்தனை இடத்தில் வழி கேட்க நேருமோ!